அழற்சியும் பயிற்சியும்

உடல்நலம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் கல்லூரி மாணவியருட் பெரும்பாலார் நினைப்பன இரண்டே பொருள்களாம். ஒன்று நிலைக்கண்ணாடி, மற்றொன்று எடை பார்க்கும் பொறி. கண்ணாடியில் இடை சிறுத்துத் தோன்றின் நலம் என்றும், பொறியில் எண் சிறிது ஏறின் நலக்கேடு என்றும் நமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்கொள்கின்றோம். இவ்விரு சான்றுகளும் முற்றும் பொய்யல்ல. ஆயினும் முற்றும் மெய்யுமல்ல. கண்ணாடிக்கும் பொறிக்கும் புலனாகாத நிகழ்ச்சியொன்று உடலினுள்ளே இரவும் பகலும் நடைபெறுகின்றது. அதனை எடுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு எம் விடுதித் தோழியொருத்தி காலை ஆராதனையின்போது மயங்கி வீழ்ந்தாள். நீர் தெளித்து எழுப்பி வினவியபோது, மூன்று திங்களாகக் காலையுணவு கொள்ளாமையே காரணம் என்பது வெளிப்பட்டது. லெந்து நாட்களில் ஒருவேளை உணவை ஒறுப்பது நோன்பின்பாற்பட்டது. இடை மெலிதற்பொருட்டு நாள்தோறும் ஒறுப்பதோ வேறொன்றன்பாற்பட்டது. 'எடையேனும் குறைந்ததா?' என்று யாம் கேட்டோம். 'நான்கு கிலோ' என்று மெல்லிய குரலில் விடை கூறினாள். கூறும்போது அவள் முகத்தில் மகிழ்ச்சி தோன்றிற்று. அம் மகிழ்ச்சி எம்மை அச்சுறுத்தியது. அதனை அவள் பெறுதல் தகுமா என்று ஆராயத் தொடங்கினோம். தமிழ் பயிலும் யாம் மருத்துவப் பொருளிற் புகுதல் மிகையென்று கருதுவாரும் உளராகலாம். உடலில்லாதார் ஒருவரும் இக் கல்லூரியிற் பயிலவில்லையாதலின், இப்பொருள் எல்லார்க்கும் பொதுவென்று கொண்டு பொறுத்தருளுமாறு அவரை வேண்டுகின்றோம்.

எமக்குப் பழக்கமான சொல்லாராய்ச்சியிலிருந்தே தொடங்குவோம். அழல் என்பது தீயையும், தீயைப்போல் எரிதலையும் உணர்த்தும் சொல். முயல் என்னும் பகுதி 'சி' விகுதி பெற்று முயற்சி என்றானாற்போலவும், பயில் என்பது பயிற்சி என்றானாற்போலவும், அழல் என்பது அழற்சி என்றாயிற்று. மேனாட்டு மருத்துவர் வழங்கும் இலத்தீன் சொல்லும் தீச்சுடர் என்னும் பொருளடியாகப் பிறந்ததே. நிலத்தாலும் மொழியாலும் சேய்மைப்பட்ட இரு மக்களும் இந்நிகழ்ச்சியைத் தீயென்றே கண்டனர் என்பது கருதத்தக்கது. அவர் அவ்வாறு கண்டமைக்குக் காரணம் வெளிப்படை. கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் மருத்துவ நூல் யாத்த செல்சஸ் என்பார், அழற்சிக்குச் சிவத்தல், வீங்கல், சுடுதல், நோதல் என நான்கு குறிகள் வகுத்தார். காலில் முள் தைத்த ஒருவர் இந்நான்கனையும் மறுநாளே தம் காலிற் காணலாம்.

முள் தைத்தவிடத்து நிகழ்வது யாது? அவ்விடத்துக் குருதிக்குழாய்கள் விரிகின்றன. குருதி பெருகி வருதலின் தோல் சிவந்து சுடுகின்றது. குழாய்களின் சுவர் நெகிழ, நீர் கசிந்து வீக்கம் உண்டாகின்றது. நரம்புகள் தூண்டப்பட, நோவு தோன்றுகின்றது. இவற்றோடு வெள்ளணுக்கள் திரண்டு வந்து, உட்புகுந்த நச்சுயிர்களை விழுங்கிச் சிதைந்த பகுதியைத் துப்புரவாக்குகின்றன. ஆதலின் அழற்சி என்பது நோயன்று, காவல். அடுப்பிலிட்ட தீச் சோறு சமைத்து முடிந்தபின் அவிந்துவிடுவதுபோல, இத் தீயும் தன் தொழில் முடிந்தவுடன் தானே அடங்கும். அடங்குதலே அதன் சிறப்பு.

அடங்காத தீயும் ஒன்று உண்டு. நெல் அரைக்கும் ஆலைகளின் புறத்தே குவிந்து கிடக்கும் உமியில் ஒரு பொறி வீழ்ந்தால், சுடர் எழுவதில்லை, ஒளி தோன்றுவதில்லை, கிட்டச் சென்றாலன்றி வெப்பமும் தெரிவதில்லை. ஆயினும் உள்ளே கனன்று கனன்று பல நாளில் அக்குவியல் முழுவதும் சாம்பராகும். நம் உடலிலும் இத்தகைய உமித்தீ உண்டு. செல்சஸ் கூறிய நான்கு குறிகளுள் ஒன்றும் இதன்கண் இல்லை. இதனை உடையாள் தன்னை நலமுடையாள் என்றே எண்ணி நடமாடுவாள். இதனையே இக்கால மருத்துவர் தாழ்நிலை நீடழற்சி என்பர்.

கண்ணுக்குத் தோன்றாத தீயை எங்ஙனம் அறிவது? புகையினால் அறியலாம். 1930-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளர் குருதியில் ஒரு பொருளைக் கண்டனர். அந்நோய்க் கிருமியின் 'சி' என்று பெயரிடப்பட்ட கூறோடு அது வினைப்பட்டமையின், பின்னர்ச் சி-எதிர்வினைப் புரதம் என்று பெயர் பெற்றது. உடலில் எங்கேனும் அழற்சி நிகழுமாயின், அவ்விடத்திலிருந்து இன்டர்லூகின்-6 முதலிய தூதுப்பொருள்கள் குருதிவழியே கல்லீரலை அடைகின்றன. அத் தூது பெற்ற கல்லீரல் இப் புரதத்தை ஆக்கிக் குருதியில் விடுகின்றது. கடுந்தொற்று நேருங்கால் இதன் அளவு நூறு மடங்கிற்கு மேலும் உயர்தல் உண்டு. ஆயின் உமித்தீயை அறிதற்கு வேண்டுவது அப்பேருயர்ச்சியன்று. மிகச் சிறிய உயர்ச்சியே. நுண்ணிய கருவிகளால் அதனையும் இக்காலத்து அளக்கின்றனர். ஒரு லிட்டர் குருதிநீரில் இப் புரதம் 1 மில்லிகிராமுக்குக் குறைந்திருப்பின் பிற்காலத்து இதயநோய் அச்சம் குறைவென்றும், 1 முதல் 3 வரை இடைத்தரமென்றும், 3-க்கு மேற்படின் மிகுதியென்றும் அமெரிக்க மருத்துவர் 2003-இல் வரையறுத்தனர். 10-க்கு மேற்படின் அது பெரும்பாலும் தொற்றினாலோ காயத்தினாலோ நேர்ந்ததாகும். அது தணிந்தபின் மீண்டும் அளத்தல் வேண்டும்.

இனி, இவ்வுமித்தீ எங்கிருந்து பற்றுகின்றது என்பதை ஆராய்வோம். பலவிடங்களிலிருந்து பற்றலாம், பல்லீறு நோய், புகைபிடித்தல், உறக்கக்குறை முதலியன அதற்குக் காரணமாகும். இளமகளிரிடத்துப் பெரிதும் கருதத்தக்க காரணம் மிகுந்த உடற்கொழுப்பு. கொழுப்பு என்பது எஞ்சிய உணவைச் சேர்த்துவைக்கும் வெறும் களஞ்சியம் என்று முன்னர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் கடந்த நூற்றாண்டின் இறுதியில் மாறிற்று. கொழுத்த எலிகளின் கொழுப்புத்திசு அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் பொருளை மிகுதியாக ஆக்குதலையும், அதனால் இன்சுலினின் ஆற்றல் மழுங்குதலையும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1993-இல் வெளியிட்டனர். மறு ஆண்டில், பசியை அடக்குமாறு மூளைக்குச் செய்தி விடுக்கும் லெப்டின் என்னும் சுரப்பைக் கொழுப்பணுக்கள் ஆக்குதலை ஃபிரீட்மன் என்பாரும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். களஞ்சியம் எனக் கருதப்பட்டது பேசும் உறுப்பென்பது புலப்பட்டது.

அக் களஞ்சியம் அளவிறந்து நிரம்பும்போது நேர்வது யாது? கொழுப்பணு ஒவ்வொன்றும் ஊதிப் பருக்கின்றது. குருதி எட்டாத அளவிற்குப் பருத்தவை உயிர்வளி போதாமல் நலிகின்றன, சில மடிகின்றன. மடிந்தவற்றை அகற்றுதற்கு விழுங்கணுக்கள் வந்து சூழ்கின்றன. பருமனுடையார் கொழுப்பில் இவ்விழுங்கணுக்கள் திரண்டிருத்தலை 2003-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இரு குழுவினர் காட்டினர். முள் தைத்தவிடத்து வந்த அதே காவலர் இங்கும் வருகின்றனர். முள் எடுக்கப்பட்டவுடன் அங்கே அவர் தொழில் முடிந்தது. இங்கோ முள் எடுக்கப்படுவதில்லை. காவலர் மீளாமையின் தூதுப்பொருள்கள் ஓயாது சுரக்கின்றன. கல்லீரலும் ஓயாது மறுமொழி கூறுகின்றது. இதுவே உமியிற் பற்றிய தீ.

இஃது இளமகளிர்க்கும் உரியதோ, முதியார்க்கே உரியதோ என்னும் ஐயம் எழலாம். அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நாடு முழுதும் நிகழ்ந்த உடல்நல ஆய்வில், 17 வயதும் அதற்கு மேலும் உடையார் பதினாறாயிரவர்க்கு மேற்பட்டோரின் குருதி ஆராயப்பட்டது. அதன் முடிபு 1999-இல் வெளிவந்தது. இயல்பான எடையினரோடு ஒப்பிடுமிடத்து, இப் புரதம் உயர்ந்திருத்தற்குரிய வாய்ப்பு விகிதம் மிகுபருமனுடைய ஆடவரிடத்து 2.13 ஆகவும், மிகுபருமனுடைய பெண்டிரிடத்து 6.21 ஆகவும் இருந்தது. நோயுற்றாரையும் புகைபிடிப்பாரையும் நீக்கி, 17 முதல் 39 வயதினரை மட்டும் தனியே எடுத்து நோக்கியபோதும் இவ்வியைபு மாறவில்லை. எனவே, இளமை இத் தீக்கு அரணன்று. பெண்மையோ இதனைச் சிறிது மிகுவிப்பது. பெண்டிர் உடலிற் கொழுப்பின் பங்கு இயல்பாகவே மிகுந்திருத்தல் இதற்கொரு காரணமாகலாம்.

ஈண்டு ஒரு தடை நிகழ்த்துவாரும் உளர். கொழுப்பும் அழற்சியும் ஒருங்கே காணப்படுதலால் மட்டும் ஒன்று மற்றொன்றற்குக் காரணமாகுமோ? காகம் அமரவும் பனம்பழம் வீழவும் கண்டார், காகத்தைக் காரணமாகக் கொள்ளலாமோ? நல்ல வினாவே. இதனை மரபுக்கூறுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். பிறவியிலேயே உடற்பருமனை மிகுவிக்கும் மரபுக்கூறு உடையாரிடத்துச் சி-எதிர்வினைப் புரதமும் உயர்ந்துள்ளது. ஆயின், அப் புரதத்தை உயர்த்தும் மரபுக்கூறு உடையாரிடத்து உடற்பருமன் அதனால் மிகுவதில்லை. ஆகவே பருமன் முந்தியது, புரதம் பிந்தியது. அப் புரதம் புகையேயன்றித் தீயன்று என்பதும் இத்தகைய ஆராய்ச்சியாற் புலனாயிற்று. தீயோ மெய்யானது. 2017-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், முன்னரே மாரடைப்புற்றுக் குருதியில் இப் புரதம் உயர்ந்திருந்த பதினாயிரவர்க்கு மேற்பட்டோருள் ஒரு பகுதியினர்க்கு அழற்சித் தூதுப்பொருளொன்றைத் தடுக்கும் மருந்து செலுத்தப்பட்டது. குருதிக்கொழுப்புக் குறையாமலே அவரிடத்து மீண்டும் நேரும் மாரடைப்புக் குறைந்தது. ஆனால் தொற்றுநோயால் இறத்தல் சிறிது மிகுந்தது. காவலரை முற்றும் கட்டிப்போடலாகாது என்பதும் இதனால் அறியப்படும்.

'அங்ஙனமாயின் கொழுப்பே பகை, உண்ணாதிருத்தலே நலம், மயங்கி வீழ்ந்த தோழி செய்தது தக்கதே' என்று முடிபு கூறிவிடலாகாது. மகளிர்க்குக் கொழுப்பு பகையன்று, இன்றியமையாத உறுப்பு. ஆடவர்க்கு உயிர்வாழ்க்கைக்கு வேண்டும் கொழுப்பு உடலெடையில் நூற்றுக்கு 3 பங்கு எனின், மகளிர்க்கு ஏறத்தாழ 12 பங்கு என்பர். அன்றியும் கொழுப்பின் அளவினும் அது தங்கும் இடமே பெரிதும் கருதத்தக்கது. பெண்மைச் சுரப்புக்கள் கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் சேர்க்கின்றன. அங்குத் தங்குவதால் தீங்கு குறைவு. வயிற்றினுள் குடலையும் ஈரலையும் சூழ்ந்து தங்குவதே தீங்கு மிகுவிப்பது.

இதன்கண் நம் நாட்டார் சிறப்பாக அறியவேண்டுவது ஒன்று உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக் என்பாரும், இலண்டன் மருத்துவர் யுட்கின் என்பாரும் 2004-இல் தம் இருவர் உடலையே சான்றாக்கி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். எடையைக் கிலோகிராமிற் கொண்டு, மீட்டரிற் கொண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணை உடல்நிறைச் சுட்டெண் என்பர். அவ்வெண் இருவர்க்கும் 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆயின் உடலை ஊடுகதிராற் படம்பிடித்து நோக்கியபோது, யுட்கின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக் உடலிலோ 21.2 பங்கு. பொறி இருவரையும் ஒருவராகவே காட்டிற்று. உள்ளிருந்ததோ இருமடங்கிற்கும் மேற்பட்ட வேறுபாடு. மெலிந்த தோற்றமும் மிகுந்த கொழுப்பும் ஓருடலில் ஒருங்கிருத்தல் இந்தியரிடத்து மிகுதி என்பதனை இவர் இவ்வாறு விளக்கினர். ஆசியர்க்கு இச்சுட்டெண் 23-ஐ எட்டும்போதே விழிப்பு வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் அறிஞர் குழு 2004-இல் உரைத்தது இக் காரணம் பற்றியே. ஆசிய மகளிர் வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஈற்று விலாவெலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிற்கும் நடுவே, தையற்காரர் அளவுநாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சுவிட்ட நிலையில் அதனை அளக்கலாம். எடை பார்க்கும் பொறியினும் அந் நாடா நமக்கு மெய் மிகுதியாகக் கூறும்.

இது தொலைவிற் கிடக்கும் பொருளன்று. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது மகளிருள் மிகையெடையும் பருமனும் உடையார், தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015–16-இல் நூற்றுவர்க்கு ஏறத்தாழ 31 பேர். 2019–21-இல் ஏறத்தாழ 40 பேர். இவ்வுமித்தீயின் பயனை நுகர்தற்கு முதுமை வரையிற் காத்திருக்கவும் வேண்டா. அழற்சியால் இன்சுலின் ஆற்றல் மழுங்குதலின் சர்க்கரைநோய்க்கு வழி பிறக்கின்றது. கருவுற்ற காலத்துத் தோன்றும் சர்க்கரைநோய்க்கும் இதனோடு தொடர்புண்டு. மாதவிலக்கு முறைதவறுதற்குக் காரணமான சூற்பை நீர்க்கட்டி நோயினரிடத்தும் இத் தாழ்நிலை அழற்சி காணப்படுகின்றது. மற்றொன்று நாம் எண்ணாதது. அழற்சித் தூதுப்பொருளால் தூண்டப்பட்ட கல்லீரல் ஹெப்சிடின் என்னும் சுரப்பை விடுகின்றது. அது குடலினின்று இரும்புச்சத்து குருதியிற் கலக்கும் வாயிலை அடைக்கின்றது. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் உண்டும் சிலர்க்குக் குருதிச்சோகை நீங்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். நம் நாட்டு மகளிருட் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுடையார் என்பதை நினைக்குமிடத்து, இச்செய்தி புறக்கணிக்கற்பாலதன்று. உணவிற் குறையே சோகைக்கு முதற்காரணம் என்பதும் மறக்கற்பாலதன்று.

இனி, தீயை அவிக்கும் வகை கூறுவாம். அழற்சி என்னும் சொல்லோடு ஒரே இலக்கணத்திற் பிறந்த பயிற்சியே அதன் மாற்று. உடற்பயிற்சியின் பயன் கொழுப்பைக் கரைத்தல் ஒன்றே என்று எண்ணுகின்றோம். அதுவும் உண்மையே, ஆயின் அவ்வளவே அன்று. தசையும் ஒரு சுரப்பி என்பதனைக் கோபன்ஹேகன் நகரத்துப் பெடர்சன் என்னும் பெண்மணியும் அவர்தம் குழுவினரும் விளக்கினர். தொழிற்படும் தசை இன்டர்லூகின்-6 என்னும் பொருளைச் சுரக்கின்றது. 'இஃது அழற்சித் தூதன் அன்றோ?' என்று வாசகர் வியக்கலாம். அதே தூதன்தான், சொல்லும் செய்தி வேறு. கொழுப்பினின்று ஓயாது சிறுகச் சிறுகச் சுரக்கும்போது அது தீயை வளர்க்கின்றது; தசையினின்று ஓட்டத்தின்போது விரைந்து பெருகி, ஓட்டம் நின்றபின் விரைந்து தணியும்போது, அழற்சியை அடக்கும் வேறு பொருள்களை எழுப்பிவிடுகின்றது. 2003-இல் வெளியான அக் குழுவினர் ஆராய்ச்சியொன்றில், நலமுடைய ஆடவர்க்குச் சிறிதளவு கிருமிநஞ்சு செலுத்தினர். வாளா இருந்தபோது டி.என்.எஃப். இரண்டு மூன்று மடங்கு உயர்ந்தது. அதே ஆடவர் மிதிவண்டிப் பயிற்சி செய்தபோதோ அவ்வுயர்ச்சி தோன்றவேயில்லை.

எனினும் உண்மையை மிகுத்துக் கூறுதல் தகாது. உடற்றகுதி மிக்காரிடத்து அழற்சி குறைந்திருத்தல் பல ஆராய்ச்சிகளிற் காணப்பட்டது. அவ்வேறுபாட்டிற் பெரும்பகுதி, அவரிடத்துக் கொழுப்புக் குறைந்திருத்தலால் நேர்வதே. கொழுப்பைக் கணக்கிற் கழித்தபின் எஞ்சும் பயன் சிறிது. ஆதலின் இரண்டனுள் கொழுப்பே வலிய காரணம் என்று ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆனால் இதனோடு மற்றொரு செய்தியைச் சேர்த்து நோக்குக. பயிற்சி செய்வார்க்கு எடை சற்றும் குறையாதவிடத்தும், வயிற்றினுட் கொழுப்புக் குறைந்து தசை பெருகுதல் உண்டு. ஒரு திங்கள் ஓடியும் பொறியில் எண் அசையவில்லையே என்று சோர்ந்து பயிற்சியைக் கைவிடுவாள், தீ அவியத் தொடங்கிய வேளையில் நீர்க்குடத்தைக் கீழே வைப்பவளாவாள். உண்ணாதிருந்து மெலிபவளோ கொழுப்போடு தசையையும் இழக்கின்றாள். தீயை அவிக்கும் கருவியையே இழக்கின்றாள். எம் தோழியின் நான்கு கிலோவில் எத்துணை தசையென்று அப் பொறி கூறவில்லை.

உடற்றகுதியை அளத்தற்கு எளிய வழியொன்று உண்டு. 1972-இல் நியூயார்க்கு நகரத்துக் குயின்சு கல்லூரியில் மாணவியரைக் கொண்டே வகுக்கப்பட்டது அது. ஏறத்தாழ 41 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான பலகையில், நிமிடத்திற்கு 22 முறையாக மூன்று நிமிடம் ஏறி இறங்குதல் வேண்டும். பின்னர் நின்றபடியே, ஐந்தாம் வினாடி முதல் இருபதாம் வினாடி வரை நாடித்துடிப்பை எண்ணி நான்காற் பெருக்குதல் வேண்டும். துடிப்புக் குறையுந்தோறும் தகுதி மிகுதி. அவ்வெண்ணை 0.1847-ஆற் பெருக்கி, 65.81-இலிருந்து கழித்தால், கடும்பயிற்சியின்போது உடலெடையில் ஒரு கிலோவிற்கு நிமிடமொன்றில் எத்துணை மில்லிலிட்டர் உயிர்வளியை உடல் பயன்படுத்த வல்லது என்பது ஏறத்தாழப் புலனாகும். துடிப்பு 160 எனின் விடை 36 அளவில் வரும். நெஞ்சுநோயோ மூச்சுநோயோ கடுஞ்சோகையோ உடையார் மருத்துவரைக் கேளாது இதனைச் செய்தல் ஆகாது.

எம் விடுதியில் ஒருநாள் மாலை யாம் அறுவர் இதனைச் செய்து பார்த்தோம். எம்முள் மிக மெலிந்தவளும், அனைவரும் 'கொடிபோன்றாள்' என்று புகழ்பவளுமாகிய ஒருத்தி, இரண்டாம் நிமிடத்திலேயே சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டாள். உண்டிச்சாலையிற் பலரும் நகையாடும் பருத்த உடலினளும், எறிபந்துக் குழுவில் ஆடுபவளுமாகிய மற்றொருத்தி மூன்று நிமிடமும் முடித்து, எம் அனைவரினும் குறைந்த துடிப்பினளாய் நின்றாள். ஓரிரவிற் செய்த இவ்விளையாட்டு ஆராய்ச்சியாகாது என்பதை அறிவோம். பருத்தவளும் வயிற்றுக் கொழுப்பைக் குறைத்தல் வேண்டும் என்பதும் உண்மையே. ஆயினும் அன்று முதல் உண்டிச்சாலையில் அந்நகை எழுவதில்லை.

உடற்பயிற்சிக்கும் எல்லையுண்டு. உணவைக் குறைத்துப் பயிற்சியை மிகுப்பார்க்கு உடலின் ஆற்றல் வருவாய் செலவினும் தாழ்கின்றது. அப்போது மாதவிலக்கு நின்றுவிடும்; எலும்பு நலியும்; சிறு அடியாலும் முறியும். அனைத்துலக ஒலிம்பிக்குக் குழுவின் மருத்துவர் 2014-இல் இதனை விளையாட்டு வீரரிடத்து நேரும் ஆற்றற் குறைபாடு என்று பெயரிட்டு எச்சரித்தனர். எலும்பு வலிமையைச் சேர்த்துவைக்கும் பருவம் இளமையே. இப்பருவத்தில் இழந்ததைப் பின்னர் முற்றும் ஈட்டல் அரிது. ஆகவே வேண்டுவது பட்டினியன்று. நிறைந்த உணவும் நாள்தோறும் அசைவும் ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கமுமே. பெரியவர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், இரு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பு 2020-இல் வெளியிட்ட நெறி. நாளொன்றிற்கு அரைமணி விரைந்து நடத்தல் அதன் கீழெல்லையைக் கடந்துவிடும்.

அரைமணி எளிதாயின், நாம் அதனைச் செய்யாமைக்குக் காரணம் யாது? சோம்பல் ஒன்றே எனின் அது முழுவுண்மையாகாது. யாம் பள்ளியிற் பயின்ற காலத்துப் பத்தாம் வகுப்பின் விளையாட்டு நேரம் கணக்குப் பாடத்திற்கு ஈயப்பட்டது. ஆடவர் மட்டும் ஆசிரியர் கண்காணாதபோது பந்தோடு வெளியே ஓடினர். யாம் கரும்பலகையை நோக்கி இருந்தோம். வீட்டிலோ, 'வயது வந்த பெண் தெருவில் ஓடுவதா?' என்னும் வினா எழுந்தது. பாட்டிமார் அவ்வினாவை எழுப்பினரெனினும், அவர்தாமே உரலிற் குத்தியும் குடத்தில் நீர் சுமந்தும் தசை வளர்த்தவர். அவ்வேலைகளைப் பொறிகள் ஏற்றுக்கொண்டன. அவற்றிற்கு மாறாக விளையாட்டை நமக்கு ஒருவரும் தரவில்லை. உழைப்பும் போயிற்று, ஆட்டமும் வரவில்லை. எஞ்சியது இருக்கையே.

ஆகவே, நம் கல்லூரிப் பெரியோர்க்கு ஒன்று பணிந்து விண்ணப்பிக்கின்றோம். மாணவியர் விளையாட்டு நேரத்தைத் தேர்வுக்காலத்தும் வேறு எதற்கும் ஈயாதிருத்தல் வேண்டும். மாலையிற் களத்தின் ஒரு பகுதி, குழுவிற் சேராத மாணவியர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். வென்று கேடயம் கொணர்வார்க்கு மட்டுமே களம் உரியதாயின், அதனை மிகவும் வேண்டுவார்க்கு அது கிட்டாதன்றோ? தோழியர்க்கும் ஒன்று கூறுகின்றோம். குருதியில் அப் புரதத்தை அளக்க உடனே ஆய்வுக்கூடத்திற்கு ஓடவேண்டா; ஒரு சளிக்காய்ச்சலும் அதனை உயர்த்திவிடும். நாடாவும் நாடியும் நமக்குப் போதும். காலையுணவை விடாதீர், மாலை நடையை விடாதீர், ஒருத்தி உடலை மற்றொருத்தி நகையாடுதலை மட்டும் இன்றே விட்டுவிடுவீர்.

மயங்கி வீழ்ந்த தோழி இப்போது காலையில் இட்டலி உண்கின்றாள்; மாலையில் எம்மோடு களத்தைச் சுற்றி நடக்கின்றாள். முதலில் இரண்டு சுற்றிற்கே இளைத்தவள், இவ்வாண்டின் இறுதியில் எட்டுச் சுற்று நடந்து பேசவும் வல்லளானாள். அவள் எடை மீண்டும் மூன்று கிலோ ஏறியுள்ளது. அதனை அவளே எம்மிடம் கூறினாள். கூறும்போது அவள் குரல் மெலியவில்லை.